70 இடங்களுக்குள் தமிழ்

நேயர்களுக்கு வணக்கம். கைபேசிக் குறுஞ்செய்திக்கும், அதிலிருந்து கிளைத்த குறும்பதிவுக்கும் நீள வரம்பு எப்படி வந்தது, அந்த வரம்புக்குள் தமிழ் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

1985ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பான் நகரில், ஃப்ரீடெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து, எழுத்துகளையும் இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் எண்ணினார். ஏறக்குறைய எல்லாமே 160க்குள் அடங்கின. குறுஞ்செய்தி ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது 140 பைட்டுகள், அதாவது கணினியின் மிகச் சிறிய அலகான பிட்டில் 1,120; இலத்தீன் எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டுகள் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் இடம்பிடித்தன. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. 2006இல் தொடங்கிய ட்விட்டர் என்ற குறும்பதிவுத் தளத்தில், ஒவ்வொரு பதிவும் ஒரே குறுஞ்செய்தியில் செல்ல வேண்டும் என்பதற்காகப் பயனர் பெயருக்கு 20 இடங்களை விட்டுவிட்டு, மீதி 140ஐப் பதிவுக்குக் கொடுத்தார்கள். தமிழர்கள் அழகாகக் 'கீச்சு' என்று பெயரிட்டுக்கொண்ட அந்தச் சிறு வடிவத்தின் அளவு, கைபேசிக் கோபுரம் விதித்த அளவுதான்.

அந்தக் கணக்கில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்து 7 பிட்டில் அடங்காது. அதற்கு 16 பிட்டுகள் தேவைப்படுவதால், ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் அந்தச் செய்தியின் வரம்பு 160இலிருந்து 70 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதிலும் நாம் ஓரெழுத்தாகப் பார்ப்பதைக் கைபேசி அப்படிப் பார்ப்பதில்லை. 'கொடுத்தோம்' என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளை ஐந்து எழுத்து என்று சொல்லும். துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கருவிக்கோ அது பத்து. பழைய கைபேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலத்தில் மட்டுமன்றி, அதற்குப் பின்னும் நம் மக்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பியதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அதைச் சோம்பல் என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்திய மொழி எழுத்துகளையும் 7 பிட்டுக்குள் அடக்கும் தனி எழுத்து அட்டவணைகள் பின்னாளில் குறுஞ்செய்தித் தரநிலையில் சேர்க்கப்பட்டன. தமிழும் அவற்றில் உண்டு. ஆனால் அனுப்பும் கருவி, பெறும் கருவி ஆகிய இரண்டும் அந்த அட்டவணையை அறிந்திருந்தால்தான் அது பயன்படும்.

குறும்பதிவு தளங்கள் இதற்குள் தம் வழியில் போய்விட்டன. ட்விட்டர் 2017இல் வரம்பை 280 ஆக்கியது. 2020இல் பெரும்பாலான நாடுகளில் குறுஞ்செய்தி வழிச் சேவையை நிறுத்தியது. இணையம் இல்லாத எளிய கைபேசியிலும் பதிவுகளைப் பெற வழி இருந்த காலம் அத்தோடு முடிந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அதே வேளையில், புளூஸ்கை என்ற தளம் தன் 300 வரம்பைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகவே எண்ணுகிறது. அங்கே 'கொடுத்தோம்' ஐந்தெழுத்துதான். அப்படி எண்ண முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

குறுஞ்செய்திக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் ஆர்.சி.எஸ். முறையில் இந்த 70 என்ற நெருக்கடி இல்லை. 2024இல் ஐபோனும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு இணைய இணைப்பு வேண்டும். மழைக்காலத்தில் இணையம் படுத்துவிட்ட ஊரில், சிறு சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு வந்து சேரக்கூடியது பழைய குறுஞ்செய்திதான்.

ஆகவே ஓர் எச்சரிக்கையை எண்ணிப் பார்த்தேன். "ஆற்றில் வெள்ளம் வருகிறது. கரையோர மக்கள் உடனே மேட்டுப்பகுதிக்குச் செல்லவும்." இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து நம் கண்ணுக்கு 48 இடங்கள். கைபேசிக்கு 75. வரம்பைத் தாண்டுவதால் அது இரண்டு செய்திகளாக உடைகிறது. உடைந்த செய்தியில் ஒரு துண்டுக்கு 67 இடங்களே கிடைக்கும். முதல் துண்டு "மேட்டுப்பகுதிக்குச் செ" என்ற இடத்தில் நின்றுவிட, 'ல்லவும்' என்பது அடுத்த துண்டில் பின்னால் வருகிறது.