ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்தல்: அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

[திரையில்: மேல்பலகை கழற்றிய ஆர்மோனியம். ஒரு விரல் கட்டையை அழுத்துகிறது. ஒலி கரகரத்து நடுங்குகிறது.]

வணக்கம். இந்த ஒலியைக் கேட்டவுடன், பெட்டியில் சுருதி கலைந்துவிட்டது, அரத்தால் இழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்றே பெரும்பாலானோர் முடிவுகட்டிவிடுவார்கள். இப்போது அந்த ரீடின், அதாவது ஒலி எழுப்பும் பித்தளைத் துண்டின், நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் சிக்கியிருந்த தூசியை மட்டும் எடுத்துவிட்டு, அதே கட்டையை மீண்டும் அழுத்துகிறேன்.

[ஒலி: அதே சுரம், தெளிவாக.]

பித்தளையின் மேல் ஒரு கீறல்கூட விழாமல் சுரம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆர்மோனியத்தில் சுருதிக் கோளாறு என்று நாம் நினைப்பவற்றுள் கணிசமானவை உண்மையில் காற்றின் கோளாறாகவோ தூசியின் கோளாறாகவோ இருக்கின்றன. சுரண்டி எடுத்த பித்தளையை எவராலும் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே சுரண்டுவதை கடைசி வேலையாக வைத்துக்கொண்டு, அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

[திரையில்: பெட்டியின் குறுக்குவெட்டுப் படம்.]

முதலில் காற்று செல்லும் பாதையைத் தெரிந்துகொள்வோம். பின்புறம் நாம் கையால் அசைக்கும் வெளித்துருத்தி காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்று, பெட்டியின் அடியில் வில்கம்பிகளால் அழுத்தப்பட்டிருக்கும் உள்துருத்தியில் சேர்கிறது. கை அசைவு விட்டுவிட்டு வந்தாலும் ஒலி சீராக நீள்வதற்கு இந்த உள்துருத்தியே காரணம். முன்னாலிருக்கும் குமிழை இழுத்தால் ரீடுகள் உள்ள அறைக்குள் காற்று நுழைகிறது. கட்டையை அழுத்தும்போது அதன் மறுமுனையிலுள்ள மூடி மேலெழுந்து துளை திறக்க, காற்று நாக்கைக் கடந்து வெளியேறுகிறது. நாக்கு என்பது ஒரு முனையில் தறையாணியால் சட்டத்தோடு பிணைக்கப்பட்டு, மறுமுனை கட்டின்றி விடப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடு. காற்று அதைச் சட்டத்தின் இடைவெளிக்குள் தள்ளுவதும், அது தன் விறைப்பால் மீள்வதும் நொடிக்குச் சில நூறு முறை நிகழ்வதையே நாம் சுரமாகக் கேட்கிறோம்.

இப்படியொரு நாக்குக் கருவிக்கு ஆர்மோனியம் என்ற பெயரைச் சூட்டியவர் பாரிசைச் சேர்ந்த அலெக்சாந்தர் தெபேன். காலால் மிதித்து இயக்கிய அந்தக் கருவியை, தரையில் அமர்ந்து கையால் இயக்கும் பெட்டியாக மாற்றியமைத்த பெருமை கல்கத்தாவின் துவாரகநாத் கோஷுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. நம்முடைய இசைநாடக மேடையிலும் பாடகர்களின் பேச்சிலும் இந்தப் பெட்டி எவ்வளவு ஆழமாகக் கலந்துவிட்டது என்பதற்கு ஒரு சொல்லே போதும். ஒருவர் தனக்குச் சுருதி நாலரைக் கட்டை என்று சொல்லும்போது, ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி, நான்காவதை அடுத்த கறுப்புக் கட்டையையே தன் ஆதார சட்ஜமாகச் சொல்கிறார்.

[திரையில்: எல்லாக் குமிழ்களும் உள்ளே தள்ளப்பட்ட பெட்டி. துருத்தியை நிரப்பும் கை.]

முதற்சோதனை காற்றுக்கானது. குமிழ்கள் அனைத்தையும் மூடிவிட்டு, வெளித்துருத்தியைச் சில முறை அசைத்து உள்துருத்தியை நிரப்புங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். நல்ல பெட்டியில் உள்துருத்தி மிக மெதுவாகவே தாழும். சில நொடிகளிலேயே தாழ்ந்துவிட்டால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவுள்ள பெட்டியில் காற்றழுத்தம் நிலையாக நிற்காது, அழுத்தம் மாறும்போது நாக்கின் சுருதியும் சற்று மாறும் என்பதால், அதைச் சரிசெய்யாமல் சுருதி சேர்ப்பது வீண் வேலை. ஈரப்படுத்திய புறங்கையைத் துருத்தியின் மடிப்புகளுக்கும் மூலைகளுக்கும் அருகில் கொண்டுசென்றால், காற்று வெளியேறும் இடத்தில் குளிர்ச்சி தட்டும். பெரும்பாலும் மூலைத் தோல்தான் முதலில் தேய்ந்து கிழியும். பழைய தோலின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டுவது அப்போதைக்குக் காற்றை அடைக்கும், ஆனால் மடிப்பின் நெகிழ்வைக் கெடுத்து, பின்னர் உரித்தெடுக்கும்போது அட்டையையும் சேர்த்துக் கிழிக்கும். மெல்லிய ஆட்டுத்தோலை அளவாக வெட்டி வஜ்ஜிரப் பசையால் ஒட்டுவதே முறையான வேலை. வஜ்ஜிரம் வெந்நீருக்கு இளகும் என்பதால், பிற்காலத்தில் இன்னொருவர் அதே இடத்தைப் பழுதுபார்க்க வந்தாலும் மரத்துக்குச் சேதமின்றிப் பிரிக்கலாம்.

கட்டையை அழுத்தாமலே ஏதேனும் ஒரு சுரம் ஊதிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டையின் மூடி துளையின் மேல் சரியாக அமரவில்லை என்று பொருள். மூடியின் அடியிலுள்ள தோலில் மணல் துகள் ஒட்டியிருக்கலாம், கட்டையின் வில்கம்பி தளர்ந்திருக்கலாம், அல்லது ஈரக்காற்றில் மரம் உப்பி, பக்கத்துக் கட்டையோடு உரசி நின்றிருக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் கட்டையை உடனே தேய்த்துவிடாதீர்கள். வறண்ட நாட்களில் அது தானாகவே விலகும், தேய்த்துவிட்ட கட்டையோ பின்னர் தளர்ந்து ஆடத் தொடங்கும். உராயும் இடத்தில் மென்மையான பென்சிலின் கரித்தூளைத் தடவுவது பல நேரங்களில் போதுமானதாக இருக்கும். எண்ணெயை மட்டும் பெட்டிக்குள் எங்கேயும் விடக் கூடாது, ஏனென்றால் அது மரத்தை உப்பவைப்பதோடு, தூசியை ஈர்த்து நாக்கில் பசையாகப் படியவைக்கும்.

[திரையில்: ரீடு பலகை திறக்கப்படுகிறது. வரிசையாகப் பித்தளை ரீடுகள்.]

இனி ரீடு பலகைக்கு வருவோம். பலகையின் திருகாணிகளைக் கழற்றும்போது எது எந்தத் துளைக்குரியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மென்மையான, உலர்ந்த தூரிகையால் தறையாணியிலிருந்து நுனியை நோக்கி மட்டுமே தூசியைத் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் தூரிகையின் மயிர் நாக்கின் நுனியில் மாட்டி அதை மேலே வளைத்துவிடும். இடைவெளிக்குள் சிக்கிய துகளை மெல்லிய தாளை நுழைத்து இழுத்து எடுக்கலாம்.

சுத்தம் செய்த பிறகும் கரகரப்பு நீடித்தால், நாக்கு சட்டத்தின் ஓரத்தில் உரசுகிறதா என்று ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒளிக்கீற்று சம அளவில் தெரிய வேண்டும். சட்டத்தைப் பலகையோடு பிணைக்கும் திருகாணிகளுள் ஒன்றை மிகையாக முறுக்கினாலே சட்டம் நுண்ணளவில் முறுகி இந்த உரசல் வந்துவிடும் என்பதால், நாக்கை நகர்த்த முற்படுவதற்கு முன் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சம அளவில் இறுக்கிப் பாருங்கள்.

அடுத்தது நாக்கின் நுனி உயரம். இதற்கும் சுருதிக்கும் நேரடித் தொடர்பு குறைவு, ஆனால் சுரம் பேசும் விதம் முழுவதையும் இதுவே தீர்மானிக்கிறது. காற்று ஓடாத நிலையில் நுனி சட்டத்தின் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அதிகம் உயர்ந்திருந்தால் சுரம் தாமதமாக எழும், காற்றும் வீணாகும். மட்டத்தோடு படிந்திருந்தால் பலத்த காற்றில் நாக்கு மூச்சடைத்து ஊமையாகிவிடும். கீழ் ஸ்தாயியின் பெரிய மந்திர நாக்குகளுக்குச் சற்று அதிக உயரமும், மேல் ஸ்தாயியின் சிறிய தார நாக்குகளுக்கு மிகக் குறைந்த உயரமும் தேவை. நாக்கை வளைக்கும்போது முழு நீளத்திலும் இதமாக, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும், ஓரிடத்தில் மடித்தால் பித்தளை அங்கேயே களைத்து ஒரு நாள் முறியும்.

இத்தனையையும் முடித்த பிறகும் சுரம் விலகி நின்றால்தான் சுரண்டலைப் பற்றி நினைக்க வேண்டும்.

[திரையில்: ஒரு நாக்கின் பெரிதாக்கிய படம். நுனியும் அடியும் இரு வண்ணங்களில்.]

நாக்கின் நுனியில் பித்தளையைக் குறைத்தால் அசையும் எடை குறைந்து சுருதி ஏறும். தறையாணிக்கு அருகில், அடிப்பகுதியில் குறைத்தால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். விதி இவ்வளவுதான், ஆனால் செய்முறையில் கவனம் மிக அதிகமாக வேண்டும். நாக்கின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை நுழைத்துத் தாங்கல் கொடுங்கள். கூரான சுரண்டியையோ மிக நுண்ணிய அரத்தையோ நாக்கின் நீளவாக்கில் மட்டுமே செலுத்துங்கள், குறுக்குக் கீறல் விழுந்த இடத்தில்தான் விரிசல் பிறக்கும். இரண்டு மூன்று மெல்லிய இழுப்புகளோடு நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். உராய்வில் சூடேறிய நாக்கு உண்மையான சுருதியைக் காட்டாது என்பதால் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதன்முதலாக இந்த வேலையைச் செய்தபோது நான் அப்படிப் பொறுத்திருக்கவில்லை. சூட்டில் தாழ்ந்து காட்டிய சுருதியை நம்பி மேலும் மேலும் நுனியைச் சுரண்டினேன், ஆறிய பின் சுரம் அளவுக்கு மேல் ஏறி நின்றது. அதை இறக்க அடியில் சுரண்ட, இரு முனையும் மெலிந்த அந்த நாக்கின் ஒலி மற்றவற்றோடு சேரவே இல்லை. இறுதியில் ரீடையே மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரீடைக் கழற்றி வாயால் ஊதிச் சுருதி பார்ப்பது பயனற்றது. பலகையில், தன் அறையில், தன் துருத்தியின் காற்றில் ஒலிக்கும்போது வரும் சுருதியே அந்த நாக்கின் சுருதி. ஆகவே ஒவ்வொரு முறையும் பலகையைப் பொருத்தி, எப்போதும் ஒரே சீரான அழுத்தத்தில் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

[திரையில்: இரண்டு அலைகள் கூடி எழுந்து தணியும் படம். ஒலி: விம்மல்.]

எதோடு ஒப்பிட்டுச் சேர்ப்பது என்ற கேள்விக்கு வருவோம். உலகத் தரமாக ஏற்கப்பட்ட 440 ஹெர்ட்சை ஆறாம் கட்டையின் சுருதியாகக் கொண்டால், அதற்குக் கீழுள்ள ஒன்றாம் கட்டை சுமார் 261.6 ஹெர்ட்சில் அமையும். கைப்பேசியிலுள்ள சுருதிமானி ஒரு சுரம் எத்தனை சென்ட் விலகியிருக்கிறது என்று காட்டும். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் 100 சென்ட். கருவி காட்டும் எண் தொடக்கத்துக்கு உதவும், ஆனால் முடிவைச் செவியிடமே விட வேண்டும். இரண்டு நாக்குகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்கும்போது ஒலி எழுந்தெழுந்து தணியும், இதையே விம்மல் என்கிறோம். 440உம் 442உம் சேர்ந்தால் நொடிக்கு 2 விம்மல் கேட்கும். விம்மல் மெதுவாகி மெதுவாகி நின்றுவிடும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. முதலில் ஒரே வரிசை ரீடுகளில் நடு ஸ்தாயி முழுவதையும் சேர்த்துவிட்டு, அங்கிருந்து மேலும் கீழும் எட்டாம் சுரங்களை, அதாவது அடுத்த ஸ்தாயியில் வரும் அதே சுரங்களை, விம்மலின்றி அமைத்து, கடைசியாக அடுத்த வரிசையை முதல் வரிசையோடு ஒப்பிட்டுச் சேர்ப்பது நல்ல முறை. ஒரு கட்டையை அழுத்தினால் அதன் எட்டாம் சுரத்தையும் சேர்த்து ஒலிக்கவைக்கும் கப்ளர் உள்ள பெட்டியானால், வேலை முடியும்வரை அதை விலக்கி வையுங்கள்.

இங்கேதான் ஆர்மோனியத்தின் பழைய வழக்கு ஒன்று குறுக்கிடுகிறது. 12 கட்டைகளுக்கும் சம இடைவெளி கொடுத்தால் எந்தக் கட்டையிலிருந்தும் பாடலாம், ஆனால் எட்டாம் சுரத்தைத் தவிர எதுவும் சட்ஜத்தோடு விம்மலின்றிச் சேரும் இயற்கையான இடத்தில் நிற்காது. பஞ்சமம் வெறும் 2 சென்ட் குறைவு. ஒன்றாம் கட்டையோடு சேர்த்து வாசித்தால் நொடிக்கு ஒரு விம்மல் அளவே கேட்கும், செவி அதைப் பொருட்படுத்தாது. அந்தர காந்தாரமோ சுமார் 14 சென்ட் கூடுதல். அதே சட்ஜத்தோடு வைத்துக் கேட்டால் நொடிக்குப் பத்து விம்மல் வரை எழும், தம்பூராவின் நாதத்தில் ஊறிய செவிக்கு அது முள்ளாய்க் குத்தும். கமகம் வாசிக்க இயலாமையோடு இந்த நிலைத்த சுருதியும் பெரிய குறையாகப் பேசப்பட்ட காலத்தில்தான், அகில இந்திய வானொலி 1940 மார்ச் மாதம் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

ஒரே கட்டையில் பாடுகிறவருக்காக மட்டும் உள்ள பெட்டியானால், அந்தக் கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு காந்தாரத்தையும் தைவதத்தையும் இயற்கை இடத்துக்கு இறக்கிச் சேர்க்கலாம். என்னைக் கேட்டால் அந்த ஒலியின் நிறைவுக்கு ஈடில்லை என்பேன். ஆனால் பலருக்கும் பக்கவாத்தியமாகப் பயன்படும் பெட்டியிலும், கட்டைப் பலகையை நகர்த்திச் சுருதி மாற்றும் ஸ்கேல் சேஞ்சர் பெட்டியிலும் இதைச் செய்யக் கூடாது. பலகை நகரும்போது விரல்கள் வேறு ரீடுகளின் மேல் போய் அமர்வதால், ஒரு சட்ஜத்துக்கு இனிமையாக இருந்த காந்தாரம் மற்றொன்றுக்குப் பொருந்தாத சுரமாகிவிடும்.

புதிதாகச் சுரண்டிய நாக்கு ஓரிரு நாளில் சிறிது நகரக்கூடும் என்பதால், வேலையை முடித்த அன்றே பெட்டியை மூடி அனுப்பிவிடாமல், மறுநாள் ஒருமுறை எல்லாச் சுரங்களையும் கேட்டுப் பாருங்கள்.

[திரையில்: துருத்தி மூடப்பட்டு, கொக்கி மாட்டப்பட்ட பெட்டி.]

அன்றாடப் பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம். வாசித்து முடித்ததும் உள்துருத்தியில் மிஞ்சிய காற்றை, ஒரு குமிழைத் திறந்து சில கட்டைகளை மெதுவாக அழுத்தி வெளியேற்றிவிட்டு, பிறகு குமிழ்களை மூடுங்கள், அப்போது ரீடு அறைக்குள் தூசி போவது குறையும். வெளித்துருத்தியை அறைந்து மூடாதீர்கள். நேர்வெயிலிலும், ஈரச் சுவரை ஒட்டியும் பெட்டியை வைக்காதீர்கள். ஈரமான பருவத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியின் உறைக்குள் போட்டு, அது ஈரத்தால் நிறைந்ததும் மாற்றுங்கள். கம்பளியையும் தோலையும் பூச்சி அரிக்கும் என்பதால், மாதம் ஒருமுறையாவது மேல்பலகையைத் திறந்து ஒளியில் பாருங்கள். வாசிக்காமல் வைத்திருக்கும் பெட்டியானால், வாரம் ஒருமுறை எல்லாக் குமிழ்களையும் திறந்து, மந்திரத்தின் கடைசிக் கட்டையிலிருந்து தாரத்தின் கடைசிக் கட்டை வரை ஒவ்வொன்றையும் சில நொடிகள் ஒலிக்கவிடுங்கள்.