ஜூன் முதல் 14 நாட்கள்

நேயர்களே, வணக்கம்.

நான் கடலோரத்துப் பெண். முட்டம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது குளச்சலுக்கு அருகே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. சமூக ஊடகங்களை விட்டுக் கொஞ்ச நாள் விலகியிருப்பது பற்றி இந்த வானொலியில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இதற்கு உதாரணம் தேடி நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலே அதைச் செய்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதுவும் 61 நாள். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. கிழக்கே சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிறபோது மேற்கே முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் தொழில் நடக்கும். அவர்கள் கடலில் இறங்குகிற நேரத்தில் இவர்கள் கரையில் இருப்பார்கள். ஜூன் மாதத்தின் முதல் 14 நாள் மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓய்ந்திருக்கும்.

அந்த 14 நாளைத்தான் எங்கள் வீட்டில் மூன்று வருடமாகக் கைப்பேசிக்கும் தடைக்காலமாக வைத்திருக்கிறோம்.

தடை எல்லாருக்கும் கிடையாது என்பது கடற்கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும். கட்டுமரம் போகலாம், வள்ளம் போகலாம். நிற்க வேண்டியது விசைப்படகு. அதன் இழுவலை கடலின் அடி வரைக்கும் போய் வாரிக்கொண்டு வரும். பெரிய மீனோடு குஞ்சும் வரும், சினை மீனும் வரும். என் அப்பா சின்ன வயதில் எனக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "குஞ்சைப் பிடிச்சுத் தின்னா நாளைக்கு எதைப் பிடிப்ப மக்களே?"

நான் கைப்பேசியைப் பற்றி யோசித்தபோது இந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாளில் எனக்கு எத்தனையோ சின்னச் சின்ன நேரங்கள் உண்டு. உலை கொதிக்கிற வரைக்கும் அடுப்படியில் நிற்கிற நேரம், பேருந்துக்குக் காத்திருக்கிற நேரம், பரீட்சைத் தாள் திருத்தி முடித்து எழுந்திருக்காமல் இருக்கிற இரண்டு நிமிடம். முன்பு அந்த நேரத்தில்தான் நாளைக்குப் பின்னம் நடத்தத் தேங்காயை வைத்துச் சொல்லலாமா, மீன் ஏலத்தை வைத்துச் சொல்லலாமா என்று தோன்றும். கடைசி வரிசையில் இருக்கிற பிள்ளை ஏன் ஒரு வாரமாக வாடிப்போயிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைக்கும். செத்துப்போன அம்மாவின் குரல்கூட அந்த இடைவெளியில்தான் வரும். யோசனைகள் குஞ்சு பொரிக்கிற நேரம் அது. அதை முழுக்கக் கட்டைவிரல் வாரிக்கொண்டு போய்விட்டது. பெரிய வேலைகள் எதுவும் கெடவில்லை. பாடம் நடத்தினேன், சோறு ஆக்கினேன். ஆனால் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இது நம்முடைய மனபலத்தை மட்டும் பொறுத்த காரியம் என்று நான் நம்பவில்லை. முன்பு இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடியில் "அடுத்த பக்கம்" என்று இருக்கும். அதைத் தொட்டால்தான் மேலே போகலாம். தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி போதுமா என்று மனது கேட்கும். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த அடியே இல்லாதபடி, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடி தெரியாத கடலில் வலையை எப்போது இழுப்பது? வானொலியில் எனக்குக் குறித்த நேரம் முடிந்ததும் நான் எழுந்து போய்விடுவேன், நீங்களும் உங்கள் வேலையைப் பார்க்கலாம். கையில் இருக்கிற அந்தத் திரையில் யாரும் எழுந்து போவதில்லை.

2018இல் அமெரிக்காவில் பொருளியல் அறிஞர்கள் சிலர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஃபேஸ்புக் பயன்படுத்துகிற 2,743 பேரை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரை நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். முடக்கியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதலாக இருந்தார்கள். மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, கொஞ்சம்தான். நாட்டுச் செய்திகள் முன்பைவிடக் குறைவாகவே தெரிந்தன. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று: சோதனை முடிந்து திரும்பப் போனபோதும் அவர்கள் முன்னளவுக்கு அதில் உட்காரவில்லை. தடைக்காலம் முடிந்த பிறகும் கடலில் ஏதோ மிச்சமிருந்தது.

இனி எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார். இந்த மாவட்டத்தில் அப்படி எத்தனை வீடு! ராத்திரி அவர் முகத்தைக் காட்டுகிற அந்த வாட்ஸ்அப் அழைப்பை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அது எங்கள் கட்டுமரம், அது போகும். சாதாரண போன் அழைப்பும் போகும். ஸ்டேட்டஸ், ரீல்ஸ், ஃபேஸ்புக், குடும்பக் குழு, பழைய மாணவர் குழு எல்லாம் விசைப்படகு. மே 31 ராத்திரி அவற்றைக் கைப்பேசியிலிருந்தே எடுத்துவிடுவோம். ஒளித்து வைத்தால் போதாது, கை தேடிப் போய்விடும்.

கடலோரத்து நேயர்கள் உடனே கேட்பீர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று. நியாயமான கேள்வி. 2017 நவம்பர் 30ஐ நாம் மறக்க முடியாது. ஓகி புயல் வந்த அந்த நாட்களில் என் கையில் போன் சூடாகிக் கிடந்தது. எங்கிருந்தோ வந்த படங்கள், இன்ன படகு கிடைத்தது என்று ஒருவர், கிடைக்கவில்லை என்று ஒருவர். என் மைனியின் (அண்ணியின்) அண்ணன் படகு மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கிவிட்டது என்ற உண்மைச் செய்தி, அவர் அங்கிருந்து ஒருவர் போனை வாங்கிப் பேசியபோதுதான் வந்தது. அதற்குள் மைனி மூன்று முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள், எல்லாம் குழுவில் வந்ததைப் பார்த்து. எச்சரிக்கைக்கு வானொலி இருக்கிறது, ஆலயத்து ஒலிபெருக்கி இருக்கிறது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984இல் நாகர்கோவிலில் இந்த நிலையம் தொடங்கியது. அன்றிலிருந்து என் அப்பா இதைக் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவார்.

முதல் வருடம் ஒரு தப்பு நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. தடைக்காலத்தின் ஒன்பதாம் நாள் என் சித்தி இறந்துபோனார். வீடு ஆறு கிலோமீட்டர் தூரம்தான். செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்கள். துபாயில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. நான் போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டவர். அந்தக் குறை தீரவே தீராது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மே கடைசியிலும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, "14 நாள் நான் குழுவில் இருக்க மாட்டேன், நல்லது கெட்டது எதுவானாலும் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அதற்கே இரண்டு நாள் ஆகிறது. வருடக்கணக்கில் பேசாத ஒரு அத்தையோடு போன வருடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அந்த அழைப்பில்தான் அவருக்குக் கண்புரை அறுவை நடந்ததே எனக்குத் தெரியும். ஸ்டேட்டஸில் தினமும் பூப்படம் போடுகிறவர் அவர்.

முதல் மூன்று நாள் கஷ்டம்தான். கை தானாகப் போகும். எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகன் முதல் வருடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவனை நான் திட்டவில்லை, அவன் கையில் அதைக் கொடுத்தவள் நான்தானே.

தடைக்காலத்தில் படகுக்காரர்கள் சும்மா படுத்திருப்பதில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், வலை கட்டுவார்கள். கையில் வேலை இல்லாத ஓய்வு எங்கள் வீட்டிலும் இரண்டு நாள்கூடத் தாங்காது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனால் திண்ணையில் ஒரு பழைய வலை எப்போதும் கிடக்கும். நாலாம் நாள் மகன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வலை ஊசியில் நூலைச் சுற்றி அவன் கையில் கொடுத்தார். கண்ணி ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வந்தது. அப்பா அதைப் பிரித்தார், அவன் திரும்பக் கட்டினான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எந்த மாதம் எந்தக் காற்று, கரை மறைந்த பிறகு எந்த மலையை அடையாளம் வைத்துத் திரும்புவது, அதெல்லாம். எனக்கே சொல்லாத கதைகள்.

அந்த வலையில் இன்னும் நாலு முழம் பாக்கி இருக்கிறது. வரும் ஜூனில் பேரன் கட்டி முடிக்கட்டும் என்று அப்பா அதைத் தொடாமல் சுருட்டி, பரணில் வைத்திருக்கிறார்.

வணக்கம்.