எண்பது வயதில் எதற்கு இன்னும் கிடார்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரி ராக் இசைக்காரர்கள் எண்பது வயதிலும் மேடை ஏறுகிறார்களே, சம்பாதித்தது போதாதா? ஓய்வெடுத்தால் என்ன?"

நாதஸ்வரமும் தவிலும் பேசுகிற இடத்துக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் அந்த "ஓய்வெடுத்தால் என்ன" மட்டும் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கோயில் திருவிழாவில் எழுபது வயதுத் தவில்காரர் விடிய விடிய வாசித்தால், பெரியவர் கை இன்னும் பேசுது என்கிறோம். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் ஆடினால் மட்டும் இந்த வயதில் இது தேவையா என்கிறோம். சரி, அது போகட்டும். ஏன் நிறுத்தவில்லை என்பதைவிட, எப்படி முடிகிறது என்று கேட்டிருக்கலாம். நான் அதற்கே பதில் சொல்கிறேன்.

பிளாக் சாபத் என்கிற ராக் குழுவின் கிடார்காரர் டோனி அயோமி. 1948-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். பதினேழு வயதில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. இசைக்குழுவோடு போய்விடலாம் என்று வேலையை விட்டுவிட்டார். அன்றுதான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் இருந்தார். ஒழுங்காகப் போய் வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். போனார். இயந்திரம் வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துவிட்டது. அவருக்கு இடக்கைப் பழக்கம். அதனால் கம்பியை அழுத்துகிற கை வலது கைதான். இனி கிடாரே கிடையாது என்றார்கள்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு மூடி செய்து, அரத்தால் தேய்த்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கும்பகோணம் பக்கத்துக்காரனுக்கு இதைப் படித்ததும் என்ன ஞாபகம் வரும்? தவில் கூடுதான்! எங்கள் தெருவில் ஒரு தவில்கார மாமா இருந்தார். வேட்டித் துணியை நாடா நாடாகக் கிழித்து, பசை தடவி, விரல் மேலேயே சுற்றி, காயவைத்து, திரும்பவும் சுற்றுவார். காய்ந்த கூட்டைத் திண்ணையில் தட்டிப் பார்ப்பார். டக்கென்று சத்தம் வந்தால்தான் திருப்தி. கச்சேரி முடிந்து ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பழைய தகர டப்பாவில் போடும்போது விரல் வெளுத்துப்போய் இருக்கும். அவருக்கு அது பலம் கூட்டிக்கொள்ள. அயோமிக்கு இழந்ததை ஈடுகட்ட.

மூடி போட்ட விரலுக்குக் கம்பியின் தொடு உணர்வு கிடையாது. கெட்டிக் கம்பி அழுத்தவும் வராது. அதனால் மெல்லிய கம்பி தேடி, பாஞ்சோ என்கிற இன்னொரு வாத்தியத்தின் கம்பியை மாட்டினார். பிறகு கம்பியைத் தளர்த்தி, சுருதியையே இறக்கினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்தக் கனத்த ஒலியைக் கேட்கலாம். ஹெவி மெட்டல் என்று உலகம் கொண்டாடுகிற நாதத்தில் அந்த இரண்டு விரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் எப்போதும் சொல்கிறதுதான்: உடம்பு வளையாத இடத்தில் வாத்தியம் வளைந்துகொடுக்கும்.

சுருதி இறக்கியது என்றதும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு வராமல் இருக்க முடியுமா? வழக்கமாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. திமிரி நாயனம் என்கிற குட்டை நாதஸ்வரத்தின் உச்ச சுருதியை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். அங்கே காரணம் விரல் இல்லை, வேறு. ஆனால் வித்துவான் கேட்டதைக் கடைந்து கொடுக்க ஒரு ஆசாரி இருந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

டெஃப் லெப்பர்ட் குழுவின் டிரம்ஸ்காரர் ரிக் ஆலனுக்கும் அப்படி ஆட்கள் கிடைத்தார்கள். 1984 டிசம்பர் 31, கார் விபத்தில் இடது கை போனது. வயது 21. குழு வேறு ஆள் தேடவில்லை. காலால் மிதித்து அடிக்கிற மின்னணு டிரம்ஸ் செய்து கொடுத்தார்கள். இடது கை அடித்ததை இடது கால் அடித்தது. 1986-ல் இங்கிலாந்தின் டானிங்டன் ராக் இசைத் திருவிழாவில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார். உடம்பு வளையாத இடத்தில்... சரி, மறுபடி சொல்லவில்லை.

ஜெனிசிஸ் குழுவில் டிரம்ஸும் பாட்டுமாக இருந்த ஃபில் காலின்ஸ் கதை நம் ஊர் வழக்கத்துக்கு இன்னும் நெருக்கம். நரம்புக் கோளாறால் டிரம்ஸ் குச்சி பிடிக்க முடியவில்லை. 2021-22 சுற்றுப்பயணத்தில் மகன் நிக் டிரம்ஸில் உட்கார, அப்பா நாற்காலியில் அமர்ந்து பாடினார். பிளாக் சாபத்தின் ஆஸி ஆஸ்போர்னும் பார்க்கின்சன் நோயோடு, 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரில் உட்கார்ந்தபடியே பாடினார். பக்கத்தில் அயோமி, வயது 77. ஜூலை 22 அன்று ஆஸி காலமானார்.

தம்பி கேட்ட பணத்துக்கு வருகிறேன். பணமும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் பேரில்தான் இருக்கின்றன. பாட்டு எழுதியவருக்கான பங்கு அவர்களுக்குப் போகும். 2021-ல் எண்பது வயதில் இறந்த சார்லி வாட்ஸ் அதே குழுவில் டிரம்ஸ் அடித்தவர். அவரைப் போன்றவருக்குச் சுற்றுப்பயணம்தான் பெரிய வரும்படி. அந்த மனிதருக்கோ ஊர் சுற்றுவதே பிடிக்காது. 1967-லிருந்து, தங்கிய ஒவ்வொரு ஹோட்டல் அறையிலும் கட்டிலைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டிருந்தார்! நம் வித்துவான்கள் தங்கின சத்திரங்களை யாராவது இப்படி வரைந்து வைத்திருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

அடுத்த கேள்வி திருத்துறைப்பூண்டியிலிருந்து.