இருமல் நின்ற பிறகு இன்னும் நாலு மாதம்
(மதுரை செல்லூரில் தறித் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் இருக்கும் அம்மாமார்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். தறிச் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருக்கிறது.

இது காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளி வாங்குகிற டப்பா. புதுசுதான், பயப்படாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் இதைத் திறந்து திறந்தே எனக்குத் தலை நரைத்தது. விடிந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளி வேண்டும். பலர் கூச்சப்பட்டு எச்சிலைத் துப்பிக் கொடுப்பார்கள். அதில் கிருமி அகப்படாது.

மீனாட்சி கோயிலுக்கு நாலு வாசல். கிழக்கு வாசலில் மட்டும் ஆளை நிறுத்தினால் திருடன் மேற்கே போய்விடுவான். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து கொடுப்பது இதனால்தான். நுரையீரல் புண்ணில் கோடிக்கணக்கில் கிருமி. பத்து லட்சத்தில் ஒன்றுக்கு, அந்த நாலில் ஒன்றான ஐசோனியாசிட் பிறவியிலேயே கேட்காது. அதை இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசின் பிடிக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பழைய காசநோய் மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த காலத்தில், தேறி வந்தவர்கள் பலர் மறுபடி படுத்தார்கள். 1948லேயே தெரிந்த சங்கதி இது.

ஒரு தறிக்காரர். இரண்டாவது மாதம் இருமல் நின்றது, கன்னம் உப்பியது. "தேறிட்டேன் சார்" என்றார். இன்னும் நாலு மாதம் மாத்திரை பாக்கி. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். இவருக்கு வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, தறியில் நிற்க முடியவில்லை, நின்றால்தான் கூலி. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம், எந்த மருந்து கேட்காது என்று காட்டும் சிபிநாட் கருவியில் அவர் சளியை வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் முடிவு: ரிஃபாம்பிசின் கேட்காது.

சில மாதத்தில் அவர் மனைவி வந்தார். அதே முடிவு. அந்தம்மா வாழ்நாளில் ஒரு காசநோய் மாத்திரையைத் தொட்டதில்லை. 'ஒழுங்காச் சாப்பிடாதவனுக்கு வருகிற வியாதி' என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். மருந்து கேட்காத கிருமி, மருந்து கேட்காத கிருமியாகவே அடுத்தவருக்குத் தொற்றும். 2023ல் உலகத்தில் சுமார் 4 லட்சம் பேருக்கு இந்த வகை. நாலில் ஒருவருக்கு மேல் நம் நாட்டுக்காரர்.

முன்பு இதற்கு 18, 24 மாதம் வைத்தியம். மாதக்கணக்கில் ஊசி, சிலருக்குக் காதே போனது. அப்படிக் காதை இழந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும், இந்த வகைக்கான பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் நம் காப்புரிமை அலுவலகம், நீட்டிப்புக் கேட்ட மருந்துக் கம்பெனிக்குக் கையை விரித்தது. இப்போது அந்த மருந்தோடு மூன்று சேர்த்து, ஊசியே இல்லாமல் பலருக்கு ஆறே மாதத்தில் முடிகிறது.

என்னம்மா? தட்டைத் தனியாக வைக்கணுமா என்கிறீர்களா? வேண்டாம். தட்டில் ஒட்டாது, காற்றில்தான் வரும். நூல் அறுந்துவிடும் என்று தறிக்கூடத்து ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருக்கிறீர்களே, வரும்போதே பார்த்தேன். முதலாளி இங்கேதான் இருக்கிறார். அதைக் கொஞ்சம் பேசிவிட்டுப் போவோம்.