அழைத்தல் எல்லாருக்கும்தான்

வணக்கம் நேயர்களே. ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற நல்லாயன் ஞாயிறு அன்னைக்கு நம்ம கோயில்கள்ல பூசை முடியுறப்ப, "யாருப்பா சாமியாரா போறீங்க, யாரும்மா சிஸ்டரா போறீங்க"ன்னு கேப்பாங்க. ரெண்டு பையன் கை தூக்குவான், மத்தவங்க எல்லாம் இது நம்ம சமாச்சாரம் இல்லன்னு சைக்கிள எடுத்துட்டு கெளம்பிடுவாங்க. எத்தனையோ வருஷமா மறைக்கல்வி சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், இன்னும் இது எனக்கு மனசு ஆறவே இல்லீங்க.

ஏன்னா அழைத்தல், அதாவது இப்படி வாழுன்னு கடவுள் நம்மளக் கூப்பிடுறது, அன்னைக்கு ஆரம்பிக்கிறது இல்ல. ஞானஸ்நானத்துலயே ஆரம்பிச்சுடுது. புள்ள தலையில தண்ணி ஊத்துனதும் உச்சியில கிறிஸ்மா தைலம் பூசுவாங்க, கிறிஸ்து குருவா, இறைவாக்கினரா, அரசரா இருக்குற மாதிரி நீயும் அவரோட உடம்புல ஒரு உறுப்பா இருன்னு சொல்லிப் பூசுவாங்க. நாம அந்த நேரம் போட்டோக்காரரத்தான் பாத்துட்டு இருப்போம். தைலம் பூசுனது சாமியாராகப் போற புள்ளைக்கு மட்டும் இல்லீங்க, வயல்ல நாத்து நடப் போற புள்ளைக்கும்தான்.

பங்கு ஆபீஸ்ல ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும் பாருங்க, பெரிய நோட்டு. புள்ள பேரு, அப்பா அம்மா பேரு, ஞானத்தாய் தகப்பன் பேரு, தேதி. பக்கத்துல ஓரமா கொஞ்சம் எடம் இருக்கும். பின்னாடி கல்யாணம் ஆனா அதுல குறிப்பாங்க, குருப்பட்டம் வாங்குனாலும் அதே எடத்துலதான், சிஸ்டர் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது கடைசி வரைக்கும் துறவியா இருப்பேன்னு வாக்கு, குடுத்தாலும் அதே எடத்துலதான். எல்லாம் ஒரே பக்கம், ஞானஸ்நானத்துக்குப் பக்கத்துல. 1964ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம், உலகத்து ஆயருங்க எல்லாம் கூடுன கூட்டம், திருச்சபையப் பத்தி எழுதுன ஏட்டுலயும் புனிதமா வாழ எல்லாருக்கும் அழைப்பு உண்டுன்னு ஒரு அதிகாரமே இருக்கு.

இப்ப நம்ம மாயூரத்துக்கு, அதான் மயிலாடுதுறைக்கு, வாங்க. வேதநாயகம் பிள்ளைய எல்லாருக்கும் தெரியும், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதுனவரு. கத்தோலிக்கரு, ஆனா சாமியார் இல்ல, குடும்பஸ்தரு, முன்சீப்பு. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம்னு நம்ம பக்கத்துக் கோர்ட்டுலதான் உக்காந்தாரு. தமிழ்நாட்டுக் கோர்ட்டுல தமிழ்லதான் வாதாடணும்னு எழுதுனாரு, பொண்ணுங்க படிக்கணும்னு பெண்மதி மாலை எழுதுனாரு, நீதிநூல் எழுதுனாரு. அப்புறம் 1876ல தாது வருஷப் பஞ்சம் வந்துச்சு. அப்ப அவரு வேலைய விட்டுட்டாரு, மாயூரத்துலதான் இருந்தாரு. பசியோட வந்த சனத்துக்கு தன் காசப் போட்டு கஞ்சி ஊத்துனாரு. அதப் பாத்துட்டு நந்தனார் சரித்திரம் பாடுன கோபாலகிருஷ்ண பாரதி, சிவபக்தரு, இவரு மேல கீர்த்தனை பாடுனாரு! இத நான் எந்த வகுப்புலயும் சொல்லாம விட்டதே இல்ல. அந்தக் கஞ்சி அவரோட அழைத்தல் இல்லன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? அங்கி போடல, தீர்ப்பு எழுதுனாரு, பாட்டு எழுதுனாரு, கஞ்சி ஊத்துனாரு. திரும்பவும் சொல்றேன், அங்கி போடாதவங்களுக்கும் அழைத்தல் உண்டு.

சரி, என் அழைத்தல் என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதப் பத்தித்தான் நெறைய பேசணும்னு வந்தேன், நேரம் ஓடிப்போச்சு. பின்னாடி இயேசு சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் 1521ல போர்ல கால் ஒடிஞ்சு படுத்திருந்தப்ப, வீரனா ஜெயிக்கிற மாதிரி கனவு கண்டா அப்போதைக்கு இனிக்கும், பின்னாடி மனசு வறண்டு போயிடும், புனிதர்கள் மாதிரி வாழணும்னு நெனச்சா அந்த சந்தோஷம் பின்னாடியும் தங்கும், இத அவரு கவனிச்சாரு. உங்க மனசையும் அப்படி கொஞ்ச நாள் கவனிங்க. கலங்கிக் கெடக்குறப்ப, நல்லா இருந்தப்ப எடுத்த முடிவ மாத்தாதீங்கன்னும் சொல்லியிருக்காரு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி அழுதுட்டு இருக்குற புள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, இத மட்டுமாச்சும் மனசுல வைங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, வர்றேங்க, நன்றி.