எந்தக் கடிகாரம் சரி?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பேச உட்கார்வதற்குச் சற்று முன் அறிவிப்பாளர் நேரம் சொன்னார். அதைக் கேட்டு யாராவது கடிகாரத்தைச் சரிபார்த்தீர்களா? எங்கள் வீட்டில் அது தினசரிச் சடங்கு. காலைச் செய்திக்கு முன் வரும் 'பீப்' ஒலிக்காக அப்பா தன் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தின் திருகை இழுத்துப் பிடித்தபடி காத்திருப்பார். கடைசி ஒலி வந்ததும் 'டக்'கென்று அமுக்குவார். வானொலி சொல்வது சரி, கையில் இருப்பதுதான் தப்பு. அதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

நியூட்டனும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார். யார் எங்கே இருந்தாலும், எப்படி ஓடினாலும், உலகம் முழுவதற்கும் ஒரே காலம். 1905இல் ஐன்ஸ்டைன் அதைக் கலைத்தார். நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்றார். இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்றும் சேர்த்தார்: உயரத்தில், அதாவது பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவாகப் பிடிக்கும் இடத்தில், கடிகாரம் வேகமாக ஓடும்.

சரி, இதைக் கடிகாரத்தை வைத்தே காட்ட முடியுமா? ஜோசப் ஹாஃபல் என்ற அமெரிக்க இயற்பியல் ஆசிரியருக்கு இந்த ஆசை வந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தார். சாதாரணப் பயணிகள் விமானமே போதும், அணுவின் துடிப்பை எண்ணி நேரம் சொல்லும் நல்ல அணுக் கடிகாரம் இருந்தால் வித்தியாசம் தெரியும் என்று வந்தது. ஆனால் பணத்துக்கு எங்கே போவது? ஓர் ஆண்டு அலைந்தார். கடைசியில் அவர் பேசிய ஒரு கூட்டத்தில் ரிச்சர்ட் கீட்டிங் என்பவர் அவரிடம் வந்தார். அமெரிக்கக் கடற்படையின் வான் ஆய்வகத்தில் கடிகாரங்களோடு புழங்கிய மனிதர் அவர்.

1971 அக்டோபரில் இருவரும் 4 சீசியம் அணுக் கடிகாரங்களோடு கிளம்பினார்கள். கடிகாரங்களுக்கும் இருக்கை வேண்டுமே! 'மிஸ்டர் கிளாக்' என்ற பெயரில் டிக்கெட் எடுத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 8,000 டாலர், அதில் பெரும்பகுதி டிக்கெட்டுக்கே போனது. சார்பியலை, அதாவது ஐன்ஸ்டைனின் இந்தக் கொள்கையை, இவ்வளவு மலிவாகச் சோதித்தவர்கள் குறைவு. ஒருமுறை கிழக்கு நோக்கி உலகைச் சுற்றினார்கள். அப்புறம் மேற்கு நோக்கி ஒருமுறை. திரும்பி வந்து, ஆய்வகத்திலேயே இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள்.

கிழக்கே போய் வந்தவை 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன (நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). மேற்கே போய் வந்தவை 273 நானோ நொடி முந்தியிருந்தன. ஐன்ஸ்டைன் கணக்குப்படி வரவேண்டியவை 40 பின்தங்கலும் 275 முந்தலும். இரண்டு பக்கமும் உள்ள பிழை வரம்புக்குள் ஒத்துப்போயிற்று.

ஒரே மாதிரி விமானம், ஏறக்குறைய ஒரே உயரம். பின் ஏன் ஒன்று பின்தங்க, ஒன்று முந்தியது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. தரையில் சும்மா இருக்கும் கடிகாரமும் அதோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கிழக்கே பறக்கும் விமானம் அந்த ஓட்டத்தோடு தன் ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மேற்கே பறப்பதோ, ஓடுகிற ரயிலுக்குள் கடைசிப் பெட்டியை நோக்கி நடப்பவரைப் போல. நடக்கிறார், ஆனால் உட்கார்ந்திருப்பவரைவிட அவருடைய வேகம் குறைவு. ஆகவே மேற்கே போன கடிகாரத்துக்கு வேகத்தாலும் லாபம், உயரத்தாலும் லாபம். கிழக்கே போனதற்கு உயரம் கொடுத்ததை வேகம் பிடுங்கிக்கொண்டது.

விமானம் குலுங்கியதில் கடிகாரம் கெட்டிருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு மியூவான் என்ற நுண்துகளைக் காட்டலாம். அதில் பல்சக்கரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. வளிமண்டலத்தின் மேல்மட்டத்தில் பிறக்கிறது. சீக்கிரமே சிதைந்தும் போகிறது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் வந்தாலும் அதற்குள் சுமார் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டித் தரைக்கு வந்துசேர்கிறது. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இரவு பகலாக அவற்றைப் பதிவுசெய்துகொண்டிருக்கிறது. வேகமாக ஓடுவதால் நம் கணக்கில் அது நெடுநாள் வாழ்ந்த துகள். அதன் சொந்தக் கணக்கில் அதே 2.2 மைக்ரோ நொடிதான்.

ஊட்டி என்றதும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். கோயம்புத்தூரைவிட ஊட்டி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே 80 ஆண்டு வாழ்பவர், கோவையில் 80 ஆண்டு வாழ்பவரைவிட அரை மில்லி நொடி மூத்தவராகிவிடுவார். இதற்காக யாரும் மலையிறங்கி வர வேண்டாம்.

பொறியாளர்கள் சிலருக்கே 1977இல்கூட இதில் முழு நம்பிக்கை இல்லை. ஜி.பி.எஸ்.ஸுக்கு முன்னோடியாக அந்த ஆண்டு ஒரு செயற்கைக்கோளில் சீசியம் கடிகாரத்தை ஏற்றினார்கள். சார்பியல் திருத்தம் செய்யும் கருவியையும் உள்ளே வைத்தார்கள், ஆனால் அணைத்தே வைத்தார்கள். தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று. 20 நாள் பார்த்தார்கள். கடிகாரம் ஐன்ஸ்டைன் சொன்ன அளவிலேயே முந்திக்கொண்டு ஓடியது. அப்புறம் சுவிட்சைப் போட்டார்கள். இன்றைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் அந்த முந்தல் நாளுக்கு 38 மைக்ரோ நொடி. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிசகும்.

அப்படியானால் அப்பா நம்பிய அந்தச் 'சரியான நேரம்' எங்கே இருக்கிறது? எந்த ஒரு கடிகாரத்திலும் இல்லை. உலகெங்கும் சுமார் 80 ஆய்வகங்களில் 400க்கு மேற்பட்ட அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் அவற்றில் ஒன்று. எல்லாம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே. மலைமேல் உள்ளவை வேகமாக ஓடுவதால், கடல்மட்டத்துக்கு ஏற்ப அவற்றின் கணக்கில் கொஞ்சம் கழிப்பதும் உண்டு. பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் உள்ள அலுவலகம் எல்லாவற்றின் அளவுகளையும் வாங்கிச் சராசரி போடுகிறது. உலக நேரம் என்று நாம் ஒப்புக்கொண்டது அந்தச் சராசரியைத்தான். ஒவ்வொரு நாட்டுக் கடிகாரமும் அதிலிருந்து எத்தனை நானோ நொடி விலகியிருந்தது என்ற பட்டியல் மாதம் ஒருமுறை வெளியாகும்.

ஆகவே இன்று காலை சரியாக எத்தனை மணிக்கு நான் பேசத் தொடங்கினேன் என்பது அடுத்த மாதம்தான் தெரியவரும். நன்றி, வணக்கம்.