சௌராஸ்தா மாடியில் ஒரு வெள்ளி தள்ளுபடி

தலைவர் அவர்களே, சொன்ன நேரத்துக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டத்தோ பட்டம் பெற்ற பெரியவர் அவர்களே, போன வருடமும் இந்த வருடமும் மைக் செட்டுக்குக் காசு வாங்காத அண்ணன் அவர்களே, தமிழாசிரியர்களே, பின்னால் நிற்கும் மாணவர்களே (நாற்காலி இருக்கிறது, உட்காருங்கள்), எல்லாருக்கும் வணக்கம்.

பினாங்குப் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி மூன்று விஷயம் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். முதலாவது வரலாறு. சௌராஸ்தா சந்தை 1890இல் வந்தது. நாலு தெரு கூடும் இடம் என்பதுதான் பெயருக்குப் பொருள். பக்கத்துத் தெருவின் பெயரே லெபு தமிழ். கீழே மீனும் ஜெரோக் என்னும் ஜாதிக்காய் ஊறலும், மாடியில் கூரை தொடும் அளவுக்குப் புத்தகம். 1969இல் இங்கே பல்கலைக்கழகம் வந்தது. அதன் மிண்டன் வளாகத்திலிருந்து பஸ் ஏறி வந்து பாடப்புத்தகம் தேடியவர்களில் நானும் ஒருவன்.

ஒருநாள் இயற்பியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. எந்தப் புண்ணியவானோ, எல்லாக் கணக்குக்கும் ஓரத்தில் பென்சிலால் விடை எழுதி வைத்திருந்தான். எனக்கோ வாய் நிறையச் சிரிப்பு. கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் ‘நானா’ என்போம், பத்து வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், நான் கேட்காமலே ஒரு வெள்ளி குறைத்தார். அப்போதே யோசித்திருக்க வேண்டும், எங்கே யோசித்தேன்! ராத்திரி பூராவும் அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது தப்பு. கோபமாகத் திரும்பிப் போய்ப் புத்தகத்தை மேசையில் போட்டேன். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அதுக்குத்தானே தம்பி ஒரு வெள்ளி குறைச்சேன்” என்றார்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். பினாங்குக்காரனுக்கு அக்கரை என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த். புத்தகம் என்று வந்துவிட்டால் மட்டும் சென்னை. விமானத்தில் முப்பது கிலோ சுமந்து வருகிறோம், இங்கே உள்ள எழுத்தாளரிடம் பிடிஎஃப் இருக்கிறதா என்று கேட்கிறோம். நம் ஊர் எழுத்தாளன் புத்தகத்தை இந்த ஊர்க் கடையில் வாங்காமல் வேறு எங்கே வாங்குவது? வருமான வரியில் 2,500 வெள்ளி வரை வாழ்க்கைமுறைக் கழிவு உண்டு, புத்தகமும் அதில் சேர்த்தி. நாம்தான் கைப்பேசி வாங்கியே அதைத் தீர்த்துவிடுகிறோம். அக்கரைப் பச்சை!

இரண்டாவது, மூன்றாவது விஷயத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். சரி, வாசலில் மேசை போட்டிருக்கிறது, ரசீதும் தருவார்கள். முதல் புத்தகத்தை டத்தோ வாங்குவார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.